வாய்மைக்காக வாதாடிய எமிலி ஜோலா

நூல் படிக்கும் தமிழர்க்கு எமிலி ஜோலா புதியவர் அல்லர். அறிஞர் அண்ணா அவரைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். சுரங்கத் தொழிலாளரின் துயரைத் தீட்டிய ‘ஜெர்மினல்’ என்னும் நாவல் அவரது புகழை உலகெங்கும் பரப்பிற்று. எனினும், தமக்கு எவ்வித உறவும் இல்லாத ஒரு யூதருக்காகத் தமது புகழையும் பொருளையும் பணயம் வைத்து அவர் வாதாடியதே அவ்வாழ்வின் மணிமுடியாகும். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

ஜோலா 1840 ஏப்ரல் 2ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் இத்தாலியின் வெனிஸ் நகரிலிருந்து வந்து குடியேறிய பொறியியலாளர். 1847இல் தந்தை மறைய, குடும்பம் வறுமையில் வாடிற்று. பள்ளி இறுதித் தேர்வில் ஜோலா இருமுறை தோல்வியுற்றார். பின்னர்ச் சில காலம் குமாஸ்தாவாக உழைத்தார். 1862இல் ஒரு புத்தக நிறுவனத்தில் நூல்களைக் கட்டி அனுப்பும் பிரிவில் அமர்ந்தார். பார்சல் கட்டிய அதே கரங்களே பின்னாளில் பேரிலக்கியங்களைப் படைத்தன. எம் போன்ற எழுத்தர்களுக்கு இஃதோர் ஆறுதலன்றோ!

இரயில்வேயினர் அறிந்து மகிழத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. இருப்புப்பாதைத் தொழிலாளரைப் பற்றி நாவல் எழுத முனைந்த ஜோலா, 1889இல் எஞ்சினின் புட்பிளேட்டில் டிரைவருடன் நின்று பயணம் செய்து, அவ்வுழைப்பை நேரில் கண்டறிந்தார். எதையும் கண்ணால் காணாமல் எழுதலாகாது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையே பின்னர் அவரைப் பெரும் போருக்கு இட்டுச் சென்றது.

அக்காலப் பிரஞ்சு நாட்டில் யூதர்மீது வெறுப்பு மண்டிக் கிடந்தது. துருமோன் என்பவர் 1886இல் யூதரைத் தூற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். 1892இல் அதே நோக்குடன் நாளேடும் தொடங்கினார். நாட்டின் இன்னல்கள் அனைத்திற்கும் யூதரே காரணம் என்று நாள்தோறும் மக்களுக்குப் போதிக்கப்பட்டது. ஜோலாவும் 1891இல் எழுதிய நாவலில், யூதரைப் பற்றிய அவ்விழிமொழிகளை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்திருந்தார். ஆனால் 1896 மே மாதம் ‘பிகாரோ’ நாளேட்டில் யூதர்களுக்காக வெளிப்படையாகக் கட்டுரை வரைந்தார். நூற்றாண்டுகளாக அம்மக்களை ஒதுக்கி ஒடுக்கிய குற்றம் பிறருடையதே என்றும், சமமாக நடத்துவதே அதற்கு மருந்து என்றும் அதில் எடுத்துரைத்தார்.

இதற்கு முன்னரே, 1894இல், பேரநீதி ஒன்று நிகழ்ந்திருந்தது. ஜெர்மன் தூதரகக் குப்பைக் கூடையிலிருந்து, இராணுவ இரகசியங்களை விற்கும் கடிதம் ஒன்று அகப்பட்டது. ஆல்பிரட் டிரைபஸ் என்ற யூதக் காப்டனின் கையெழுத்து அதனை ஒத்திருப்பதாகக் கூறி அவரைக் கைது செய்தனர். அவருடைய வழக்கறிஞர் அறியாவண்ணம் இரகசியக் காகிதங்களை நீதிபதிகளிடம் அளித்துத் தண்டனை பெற்றனர். 1895 ஜனவரி 5ஆம் நாள் பலர் காண அவரது பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்து, வாளை முறித்தனர். பின்னர்த் தென்னமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பேய்த்தீவில் சிறையிட்டனர். 1896இல் பிக்கார் என்னும் இராணுவ அதிகாரி, அக்கடிதம் எஸ்டர்ஹேசி என்ற வேறோர் அதிகாரியின் கையெழுத்தே எனக் கண்டார். மேலதிகாரிகளோ உண்மையை மூடி மறைக்கவே முயன்றனர்.

1897இல் ஆதாரங்களை அறிந்த ஜோலாவுக்கு உறக்கம் ஏது? அப்போது அவருக்கு வயது 57. செல்வமும் சீரும் நிறைந்திருந்தன. அநீதிக்கு ஆதரவாகத் தெருவில் முழங்கிய மாணவர்களைக் கண்டு மனம் வருந்தி, இளைஞர்களுக்கென ஒரு திறந்த மடலைச் சிறு நூலாக வெளியிட்டார். இளமையே நீதியின் பக்கம் நில்லாவிடில் நாட்டின் எதிர்காலம் என்னாகும் என்பதே அம்மடலின் கவலை.

1898 ஜனவரி 11இல் எஸ்டர்ஹேசியை இராணுவ நீதிமன்றம் விடுதலை செய்தது. இரண்டே நாளில், ஜனவரி 13இல், குடியரசுத் தலைவர்க்கு ஜோலா விடுத்த மடல் ‘லொரோர்’ நாளேட்டில் வெளிவந்தது. ‘நான் குற்றஞ்சாட்டுகிறேன்’ என்பது தலைப்பு. அன்று ஏறத்தாழ 3,00,000 படிகள் விற்றன. தளபதிகளைப் பெயர் குறித்துக் குற்றஞ்சாட்டினால் தம்மீது அவதூறு வழக்குத் தொடுப்பர். அவ்வழக்கில் மறைத்த ஆதாரங்கள் மன்றத்திற்கு வந்தே தீரும் என்பது அவர் திட்டம்.

எதிர்பார்த்தவாறே வழக்கு வந்தது. டிரைபஸ் வழக்கைப் பற்றிய வினாக்களை நீதிபதி அனுமதிக்க மறுத்தார். ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. பல ஊர்களில் யூதர் கடைகள் சூறையாடப்பட்டன. இத்தாலியன் மகன், அயலான் என்று ஜோலாவையும் ஏசினர். பாரிசில் பிறந்து பிரஞ்சு மொழிக்கே வாழ்வை ஈந்தவர்க்குக் கிடைத்த பரிசு அது! ஜூலையில் இங்கிலாந்துக்குச் சென்று, பதினொரு திங்கள் கரந்து வாழ்ந்தார்.

ஆயினும் வாய்மை உறங்கவில்லை. டிரைபசுக்கு எதிரான ஆவணம் ஒன்றைத் தாமே புனைந்ததாக 1898 ஆகஸ்டில் ஆன்றி என்னும் அதிகாரி ஒப்புக்கொண்டு, மறுநாளே தற்கொலை புரிந்தார். 1899இல் ஜோலா தாயகம் திரும்பினார். மறுவிசாரணையிலும் டிரைபசைக் குற்றவாளி என்றே கூறிய பின், அரசு அவருக்கு மன்னிப்பளித்தது. குற்றமற்றவர்க்கு மன்னிப்பு எதற்கு? நீதியே வேண்டும் என்று ஜோலா தொடர்ந்து எழுதினார்.

அந்நீதியை அவர் காணவில்லை. 1902 செப்டம்பர் 29இல், படுக்கையறைப் புகைபோக்கி அடைபட்டதால் நச்சுப்புகையில் மூச்சுத் திணறி மாண்டார். 1906 ஜூலை 12இல் உயர் நீதிமன்றம் டிரைபஸ் முற்றும் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. 1908இல் ஜோலாவின் உடல் நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியனில் வைக்கப்பட்டது. அவ்விழாவிலும் டிரைபசை ஒருவன் சுட்டுக் காயப்படுத்தினான். வெறுப்பு அத்துணை எளிதில் மடிவதில்லை. மெடான் என்ற சிற்றூரில், இருப்புப்பாதை ஓரத்தில் ஜோலா வாழ்ந்த இல்லத்தருகே, 2021இல் டிரைபஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்றைய இளைஞர் அங்கு அவ்வழக்கைக் கற்கின்றனர்.

அன்பர்களே! பல மொழியினர் கூடி வாழும் காலனியில் குடியிருப்பவர்கள் நாம். ஒருவன் செய்த பிழைக்கு அவன் இனத்தாரனைவரையும் பழிக்கும் சொல், குழாயடியிலும் பிறக்கும், அலுவலகத்திலும் பிறக்கும். சிலவேளை நம் நாவிலும் பிறக்கும். நம்மை அயலார் என்று பிறர் கூறும்போது நோகும் நெஞ்சம், நாம் பிறரைக் கூறும்போதும் நோகவேண்டும். இப்பண்பை நம் சிறார்க்கு இளமையிலேயே ஊட்டுவோமாயின், அதுவே ஜோலாவுக்கு நாம் செலுத்தும் உண்மை அஞ்சலியாகும்.