வெறிநாய்க்கடியும் பாஸ்டரும்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுது. தேநீர் குடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் அறைத் தோழனைத் தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பற்கள் பதிந்திருந்தன. இரத்தம் அதிகம் இல்லை. தேர்வு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அவன். நான் விடவில்லை. குழாயடியில் உட்காரவைத்துக் கால்மணி நேரம் சோப்புப் போட்டுப் புண்ணைக் கழுவினேன். பிறகு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

என் பிடிவாதத்திற்குக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்பில் என்னோடு கோலி ஆடிய ஒருவனைத் தெருவில் ஒரு நாய்க்குட்டி கடித்தது. வீட்டார் கடிவாயில் சுண்ணாம்பு தடவினார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு மாதம் அவன் எங்களோடு ஓடி ஆடினான். பிறகு ஒருநாள் தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டு போனதும் அவன் தொண்டை இழுத்துக்கொண்டது. நான்காம் நாள் அவன் இல்லை.

மருத்துவமனைப் பலகையில் காத்திருந்தபோது எனக்கு லூயி பாஸ்டரின் நினைவு வந்தது. பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாகப் படித்த மனிதரை, அடுத்த நாள் நூலகத்திற்குச் சென்று முழுதாகப் படித்தேன். அவரைப் பற்றி நம் சங்கத்து நண்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27இல் பிரான்சு நாட்டில் தோல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. (ஊரும் தோல், தொழிலும் தோல்! இது தமிழில் மட்டும் கிட்டும் சிலேடை.) பின்னர்க் குடும்பம் ஆர்புவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1831இல் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்துக் குதறியது. அக்காலத்தில் அதற்கு ஒரே மருத்துவம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கடிவாயைச் சுடுவது. கடிபட்டவர்களைக் கொல்லன் உலைக்களத்திற்கு இழுத்து வந்தார்கள். அக்காட்சியைச் சிறுவன் லூயி பார்த்தான். சூடுபட்ட பின்னும் பலர் மாண்டார்கள்.

அவர் மருத்துவர் ஆகவில்லை, வேதியியல் அறிஞர் ஆனார். படிகங்களை ஆராய்ந்தார். ஒயின் ஏன் புளிக்கிறது, பால் ஏன் கெடுகிறது, பட்டுப்புழு ஏன் சாகிறது என்று தேடித் தேடிக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களிடம் வந்து சேர்ந்தார். இவையெல்லாம் நம் பாடநூல்களிலேயே இருப்பதால் நான் விரிக்கவில்லை. பாடநூல் சொல்லாதது அவர் பட்ட துயரம். மூன்று பெண்மக்களைப் பறிகொடுத்தார். 1868இல், 45ஆம் வயதில், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இடப்பக்கம் செயலிழந்தது. இடது கையும் காலும் பிறகு சரியாகவே இல்லை. வெறிநோய் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் இப்படிப்பட்ட மனிதர்தான்.

வெறிநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். நாயின் எச்சிலோடு அது தசைக்குள் நுழைகிறது. இரத்தத்தின் வழியே பாய்ந்து செல்வதில்லை. நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறித் தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்குப் போகிறது. காலில் கடித்தால் வழி நீளம், முகத்தில் கடித்தால் வழி குறைவு. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். மூளையை அடைந்து அழற்சியை உண்டாக்கி, நோயின் குறிகள் தோன்றிவிட்டால், பிழைத்தவர் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

பாஸ்டர் இந்த வைரஸைக் கண்டதே இல்லை. அவருடைய நுண்ணோக்கியில் அது தெரியாது. ஆயினும் நோய் மூளையிலும் தண்டுவடத்திலும் குடியிருக்கிறது என்பதை உணர்ந்தார். நோயுற்ற விலங்கின் மூளைப் பொருளை மற்றொரு விலங்கின் மண்டையோட்டைத் துளைத்து உள்ளே செலுத்தினால், நோய் தவறாமல் வந்தது. நாயின் மண்டையைத் துளைக்கப் பாஸ்டருக்கு மனம் வரவில்லையாம். உதவியாளர் எமில் ரூ அவர் இல்லாத நேரத்தில் அதைச் செய்து முடித்தார். பின்னர், நோயில் இறந்த முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். நாளாக ஆக அதன் நச்சுவன்மை குறைந்து, இரண்டு வாரத்தில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று.

அவருடைய எண்ணம் எளியது. நோய் காலிலிருந்து தலைக்கு நடந்து போகிறது அல்லவா? அது போய்ச் சேருமுன் உடலுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன?

1885 ஜூலை 6. அல்சேசுப் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் மகனைப் பாரிசுக்கு அழைத்து வந்தாள். பெயர் ஜோசப் மெய்ஸ்டர், வயது 9, உடலில் 14 கடிகள். பாஸ்டருக்கு மருத்துவம் செய்யும் உரிமை கிடையாது. ஆகவே கிரான்ஷே என்ற மருத்துவர் ஊசி போட்டார். பதினைந்து நாள் உலர்ந்த தண்டுவடத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் வன்மை மிகுந்ததைச் செலுத்தி, பதின்மூன்றாவது ஊசியில் கொல்லும் ஆற்றல் முழுதும் உள்ளதையே செலுத்தினார்கள். பையன் பிழைத்தான். வளர்ந்தபின் பாஸ்டர் நிலையத்தின் வாயிற்காவலராகவே வாழ்ந்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளை நெடுங்காலம் குடும்பத்தார் வெளியே காட்டவில்லை. அவற்றைப் படித்த ஜெரால்டு கைசன் என்ற வரலாற்றாசிரியர் 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். மெய்ஸ்டருக்குச் செய்த அதே முறையை நாய்களிடம் போதுமான அளவு சோதித்து முடிக்குமுன்பே சிறுவனுக்குச் செய்துவிட்டார் என்பது அதனால் தெரிந்தது. இது சரியா? இன்றைய ஆய்வு நெறிப்படி தவறுதான். ஆனால் செம்பைத் தூக்க முடியாமல் தவித்த என் கூட்டாளியை நினைக்கும்போது, அந்தத் தாயின் முன் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

என்னை மிகவும் உருக்கியது மெய்ஸ்டரின் கதையன்று. அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் பெல்லெத்தியே என்ற பத்து வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தார்கள். கடிபட்டு 37 நாள் கழிந்திருந்தது, கடியோ தலையில். காலம் கடந்துவிட்டது என்று பாஸ்டருக்குத் தெரியும். அவள் இறந்தால் பழி தம் மருந்தின்மேல் விழும், கடிபட்ட மற்றவர்கள் வர அஞ்சுவார்கள் என்பதும் தெரியும். ஆயினும் பெற்றோர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. சிறுமி டிசம்பரில் இறந்தாள். அவள் படுக்கையருகே அமர்ந்திருந்த அந்த முதியவர் கண்ணீர் விட்டு அழுதார்.

பழி வரத்தான் செய்தது. ஆனால் மக்களும் வந்தார்கள். 1886இல் உருசிய நாட்டு ஸ்மாலென்ஸ்கிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள். 16 பேர் பிழைத்தார்கள். 1888இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28இல் அவர் மறைந்தார். அந்த நாளே இன்று உலக வெறிநோய் நாள்.

நம் நாட்டில் 1900இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் முதல் நிலையம் எழுந்தது. தென்னாட்டில் மருத்துவம் கிட்டாமல் 1902இல் ஓர் ஆங்கிலப் பெண் இறந்தாள். அதன் விளைவாக 1907இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் பிறந்தது. ஆட்டு மூளையிலிருந்து செய்த தடுப்பு மருந்து ஊர் ஊராகச் சென்றது. என் தந்தையார் இளமையில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட கதையை இன்றும் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்வார். அம்மருந்திலும் ஒரு கொடுமை இருந்தது. அதில் கலந்திருந்த நரம்புப் பொருளால் சிலருக்கு உடல் தன் மூளையையே பகைத்துக்கொண்டது. மூளை அழற்சியிலிருந்து காக்க வந்த மருந்தே மூளை அழற்சியைத் தந்தது. 2004இல் இந்தியா அதைக் கைவிட்டது. இப்போது உயிரணு வளர்ப்பில் செய்த தூய மருந்து, கையில் சில ஊசிகள், அவ்வளவுதான்.

சென்ற ஞாயிறன்று ஓசூர் சாலை வழியே பேருந்தில் போனேன். நிம்ஹான்ஸ் வாயிலைக் கடந்தபோது எட்டிப் பார்த்தேன். நாய்க்கடியால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து நோயை உறுதி செய்யும் கூடம் அங்கே இருக்கிறது. வெறிநோயில் இறந்தவரின் மூளை வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் நல்ல மூளைபோலவே தோன்றுமாம். இதைப் படித்த நாளிலிருந்து என் மனம் அதை விட்டு அகலவில்லை.

தோழனுக்கு நான்கு ஊசிகள் ஆகிவிட்டன. 28ஆம் நாள் ஊசி ஒன்று பாக்கி. தேர்வு முடிந்தும் அவன் ஊருக்குப் போகவில்லை. அதற்காகவே இரயில் சீட்டை மாற்றி வாங்கியிருக்கிறான்.