கணித மேதை இராமானுஜன்

அடுக்குக்குறிக் கணக்கு என்றாலே நம்மில் பலருக்கு உள்ளம் நடுங்குகிறது. எந்த இடத்தில் அடுக்குகளைக் கூட்டுவது, எங்கே பெருக்குவது என்று தடுமாறுகிறோம். அந்த அடுக்குகளோடு விளையாடி மகிழ்ந்த மேதை ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே சீனிவாச இராமானுஜன்.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடைக் கணக்கர், குடும்பமோ ஏழ்மையானது. காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதுவார். கணிதத்திலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்களைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. ஆயினும் நோட்டுப் புத்தகத்தை மூடவில்லை!

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மீஞ்சூரிலிருந்து ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குச் செல்லும் நம் தந்தையரைப் போல அவரும் ஓர் எளிய ஊழியரே. 1913-இல் தம் கண்டுபிடிப்புகளை இங்கிலாந்திலுள்ள பேராசிரியர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். அதன் பயனாக 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே நோயுற்று மருத்துவமனையில் இருந்தபோது, ஹார்டி அவரைக் காண வந்தார். தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அதில் சிறப்பொன்றும் இல்லை என்றும் கூறினார். இராமானுஜனோ உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார்.

நாமும் சரிபார்ப்போமா? 1³ + 12³ = 1 + 1728 = 1729. 9³ + 10³ = 729 + 1000 = 1729.

தோழியரே, இங்கே ஒரு பாடம் உண்டு. கூட்டலுக்குப் பொதுவாக அடுக்கைப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. 1-ஐயும் 12-ஐயும் கூட்டிய பிறகு கனம் கண்டால் 13³ = 2197 ஆகிவிடும். தேர்வுத்தாளில் நான் மதிப்பெண் இழந்தது இந்த இடத்தில்தான்! ஆனால் பெருக்கலுக்குப் பங்கிடலாம். (2 × 12)³ = 2³ × 12³. இவ்விதியைக் கொண்டு 1, 12, 9, 10 ஆகியவற்றை இரட்டித்துப் பார்த்தேன். 2³ + 24³ = 13832; 18³ + 20³ = 13832. 1729-ஐ 2³ ஆகிய எட்டால் பெருக்கினாலும் இதே விடைதான். விதியைப் புரிந்துகொண்டதும், 1729-ஐப் போன்ற இன்னோர் எண் என் கைக்கே கிடைத்துவிட்டது! அன்று அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

1919-இல் தாயகம் திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது வயது 32 மட்டுமே. அவர் பிறந்த நாளைத் தேசியக் கணித நாளாக நம் நாடு கொண்டாடுகிறது.

தேர்வில் தோற்றவர் வாழ்க்கையில் தோற்றவர் அல்லர். மதிப்பெண் குறைந்தால் கலங்காதீர்கள். எங்கே தவறினோம் என்று பாருங்கள். விதியை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், சிறு எண்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அதுவே அம்மேதைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, மீஞ்சூர்