ஜகதீச சந்திர போஸ்

மின்வெட்டு நேரும் இரவிற் சாத்தாங்காட்டு இல்லங்களில் விளக்கேற்றும் இன்வெர்ட்டரும், 2021ஆம் ஆண்டில் விம்கோ நகர் வரை நீட்டப்பெற்ற மெட்ரோ இரயிலும் ஒரே நுட்பத்தால் இயங்குவன. இரயிலின் மேற்கம்பியில் 25,000 வோல்ட் அழுத்தத்தோடு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. வண்டியிலுள்ள கருவிகள் அவ்வழுத்தத்தைக் குறைத்து, ஒரே திசையிற் செல்லும் ஓட்டமாக அதனைத் திருத்தி, பின்னர் வேண்டிய விரைவில் அலையுமாறு மீண்டும் அறுத்தமைத்து மோட்டாருக்கு ஊட்டுகின்றன. அலைவு விரைந்தாற் சக்கரமும் விரையும். இவ்வேலைக்கெல்லாம் ஆதாரம் குறைக்கடத்திப் படிகங்களே. அவற்றுட் சில ஒரு திசையில் மட்டும் மின்னை விடுவன. சில, ஆணையிட்டவாறு திறந்து மூடும் மடை போல்வன. இத்தகைய படிகத்தைக் கருவியாக்கிக் கொண்ட முன்னோருள் ஒருவர் நம் நாட்டினர் என்பதைப் பலர் அறியார்.

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்து மைமன்சிங்கிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தர். அந்நாளில் அத்தகையோர் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புதலே வழக்கம். இவரோ மகனை முதலில் வங்காளிப் பள்ளியிற் சேர்த்தார். அங்கே ஒரு பக்கம் தந்தையாரின் முஸ்லிம் ஊழியர் மகனும், மறுபக்கம் மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். அவர்கள் கூறிய பறவை விலங்குகளின் கதைகளும் நீர்வாழ் உயிர்களின் கதைகளுமே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்முள் விதைத்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

பின்னர்க் கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில், லாபோன் பாதிரியார் மாணவர் கண்முன் செய்துகாட்டிய சோதனைகள் அவரைப் பௌதிகத்தின்பால் ஈர்த்தன. இலண்டனில் மருத்துவம் பயிலப் புகுந்து, நோயுற்றமையால் அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜிற் சேர்ந்து, இராலே பிரபுவிடம் பாடங்கேட்டார்.

1885இல் கல்கத்தா இராஜதானிக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கு ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியர்க்குரியது. போஸின் பணி தற்காலிகமானதால் அதிலும் பாதியே தருவதாயிற்று. அவர் வாதாடவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்றாண்டுகள் ஒரு காசும் வாங்காது பாடம் நடத்தினார். தந்தையாரின் கடன் குடும்பத்தை அழுத்திய காலம் அது என்பதை நாம் மறத்தல் கூடாது. அவ்வறுமைக்கிடையே, 1887இல் அவர் மணந்த அபலா அம்மையார் நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். கல்கத்தாவில் அந்நாளிற் பெண்களுக்கு அக்கல்விக்கு இடமில்லை. இறுதியில் அரசாங்கமே இணங்கி, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு அளித்தது.

1895இல் கல்கத்தா நகரமண்டபத்தில், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவர்களினூடே செலுத்தித் தொலைவில் மணியொலிக்கவும் வெடிமருந்து பற்றவும் செய்தார். அவ்வலைகளை உணரும் கருவியை நாடிய தேட்டமே அவரைப் படிகத்திடம் கொணர்ந்தது. கலீனா என்னும் ஈயத்தாதுவின்மேல் உலோக முனையொன்று மெல்லத் தொட்டு நிற்குமாறு அமைத்தார். இத்தகைய தாதுக்கள் ஒரு திசையில் மின்னை எளிதில் விடுதலை 1874இலேயே ஜெர்மானியர் பிரௌன் கண்டிருந்தார், அப்பெருமை அவருக்குரியது. படிகத்தை அலை உணரும் கருவியாக்கியது போஸின் வேலை.

கண்டுபிடிப்பை விற்றுப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியமையால் 1901இல் அமெரிக்க உரிமைப் பத்திரத்திற்கு விண்ணப்பித்தார். 1904 மார்ச்சு 29ஆம் நாள் அது கிடைத்தது. ஆயினும் அவ்வுரிமையை அவர் பேணவில்லை. ஊதியத்திற்காக மூன்றாண்டு பொறுத்தவர் இதனைக் கைவிட்டது முரண் அன்று: முன்னது இனத்தின் மானம், பின்னது தம் இலாபம் என்று அவர் கருதினார் போலும். எனினும், படிகக் கருவிகளைச் செய்யும் தொழில் அந்நாளில் நம் மண்ணில் வேரூன்றாது அயல்நாடுகளிலேயே வளர்ந்ததை எண்ணுங்கால் எம் நெஞ்சு சற்றே உறுத்துகின்றது.

அதன்பின் அவர் கருத்துச் செடிகொடிகளின் உணர்ச்சியின்பாற் சென்றது. 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1920இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியிற் காலமானார். டிரான்சிஸ்டரைக் கண்டவர்களுள் ஒருவராகிய பிராட்டைன், வானொலி அலையைப் படிகத்தால் உணர்ந்ததில் முதன்மை போஸுக்கே என 1955இல் எழுதினார். அதற்கு நான்காண்டுகள் முன்னரே அபலா அம்மையார் மறைந்துவிட்டார்.