இமயமலைப் பாதையில் சுவாமி விவேகானந்தர்

சுவாமி விவேகானந்தர் என்றதும் 1893ஆம் ஆண்டு சிக்காக்கோவில் நடைபெற்ற சர்வமத மகாசபையே யாவருக்கும் நினைவுக்கு வருகின்றது. அந்த மேடையில் ஏறுவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர், கையில் ஒரு காசுமின்றி அவர் இமயமலைப் பாதைகளில் பசியோடு நடந்து திரிந்ததை அறிந்தவர் சிலரே.

1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி கல்கத்தாவிலே பிறந்த நரேந்திரநாதர், குருநாதர் ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சர் 1886இல் மகாசமாதி அடைந்தபின் துறவு வாழ்வை மேற்கொண்டார். 1890 யூலையில் அன்னை சாரதாதேவியாரின் ஆசி பெற்று, உடன்துறவியான அகண்டானந்தருடன் வடதிசை நோக்கிப் புறப்பட்டார். பத்ரிநாத்தையும் கேதாரநாத்தையும் தரிசிக்க வேண்டுமென்பது அவரது பேரவா.

நைனித்தாலிலிருந்து அல்மோராவுக்கு மலைவழியே நடை. பிச்சையாகக் கிடைத்ததே உணவு. வழியிலே காக்ரிகாட் என்னும் இடத்தில், நீரோடைக் கரையில் நின்ற அரசமரத்தின் கீழ்த் தியானத்தில் அமர்ந்தார். அண்டமும் பிண்டமும் ஒரே நியதியில் அமைந்தவை என்ற உண்மை அங்கே அவருக்கு அனுபவமாயிற்று. ஆனால் அல்மோராவை நெருங்கும்போது பசிக் களைப்பினால் நிலத்திலே சாய்ந்துவிட்டார். அருகிலிருந்த மயானத்தைக் காத்துவந்த இஸ்லாமியப் பக்கீர் ஒருவர் வெள்ளரிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாயில் ஊட்டிவிடும்படி சுவாமிகள் வேண்ட, தாம் முஸ்லிம் என்று அவர் தயங்கினார். இருவரும் சகோதரர் அல்லவா என்று கேட்டுச் சுவாமிகள் அதனை உண்டார். 1897இல் அல்மோரா மக்கள் திரண்டு வரவேற்றபோது அந்தப் பக்கீரைக் கூட்டத்தில் அடையாளங்கண்டு பொருளுதவி செய்தார். அதே ஆண்டு ஜனவரியிலேதான் சுவாமிகள் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்திலும் உரையாற்றிச் சென்றார்.

அல்மோராவில் சகோதரி ஒருவர் இறந்த செய்தி கிடைத்தது. அத்துயரோடு மேலும் உள்ளே நடந்தார். கர்ணப்பிரயாகையில், பஞ்சத்தின் காரணமாகப் பத்ரி, கேதாரப் பாதையை அரசாங்கம் மூடியிருந்தது. அதன்பின் காய்ச்சலும் பற்றிக்கொண்டது. ரிஷிகேசத்தில் அவரது நாடி அடங்கிப்போகும் நிலை. உடனிருந்தோர் கலங்கி நிற்க, எங்கிருந்தோ வந்த சாது ஒருவர் தேனிற் குழைத்த மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். எத்தனை ஆசையோடு புறப்பட்டாரோ, அந்த இரு தலங்களையும் அவரது கால்கள் மிதிக்கவே இல்லை.

1898இல், முப்பத்தைந்தாவது வயதில், காஷ்மீரத்து அமர்நாத் யாத்திரை கைகூடியது. சகோதரி நிவேதிதையும் உடன் சென்றார். பஹல்காமிலிருந்து சந்தன்வாரி, சேஷநாகம், பஞ்சதரணி என ஆயிரக்கணக்கான அடியார்களோடு ஏறிச் சென்றனர். சந்தன்வாரியில் முதலாவது பனிப்பரப்பை நிவேதிதை கால்நடையாகவே கடக்க வேண்டுமென்று சுவாமிகள் பணித்தார். தாமும் ஒரு சாதாரண யாத்திரிகராகவே நடந்தார். பஞ்சதரணியிலே உறைபனி உருகி ஓடும் ஐந்து ஓடைகளிலும் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக நீராடினார். மார்கழி விடியலிற் கிணற்றுநீர் வார்க்கவே நடுங்கும் நமது உடம்புக்கு அக்குளிரை எண்ணிப் பார்க்கவும் முடியாது.

ஆகஸ்ட் 2ஆம் திகதி, ஏறத்தாழ 12,700 அடி உயரத்திலுள்ள குகைக்குள், திருநீறு பூசிய மேனியில் கௌபீனம் மட்டும் தரித்துப் புகுந்தார். பனிக்கட்டியே சிவலிங்கமாய் எழுந்தருளியிருக்க, மண்டியிட்டு வணங்கினார். உணர்ச்சிப் பெருக்கில் மயங்கி விழுந்துவிடுவோமோ என்றஞ்சி விரைவில் வெளியே வந்தார். தாமாக விரும்பும்வரை மரணமில்லை என்ற வரத்தை அமரநாதர் அருளியதாகப் பின்னர் நிவேதிதையிடம் தெரிவித்தார்.

அந்த யாத்திரைக்கு உடல் கொடுத்த விலை பெரிது. இதயம் நின்றுபோயிருக்க வேண்டியது, நிற்காமல் நிரந்தரமாக வீங்கிவிட்டது என்று வைத்தியர் கூறினார். அப்படியிருந்தும் 1901 ஜனவரியில், காத்கோதாமிலிருந்து பனி பொழியும் மலைவழியாக மாயாவதி ஆசிரமத்துக்குச் சென்று இரு வாரங்கள் தங்கினார். அதுவே இமயத்தில் அவரது இறுதி வாசம். 1902 யூலை 4ஆம் திகதி பேலூர் மடத்தில், முப்பத்தொன்பதாவது வயதில், மகாசமாதி அடைந்தார்.