டொர்னேடோவுக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா? பதில் சொல்வது ஏன் கஷ்டம்? 'மிஸ்டர் டொர்னேடோ' ஃபுஜிட்டாவின் கதை

அமெரிக்காவில் டொர்னேடோ அடித்து ஊர் சிதைந்தால் போதும், இதுக்கும் பருவநிலை மாற்றம்தான் காரணமா என்ற கேள்வி உடனே கிளம்பிவிடும். வெப்ப அலை, கனமழை என்றால் விஞ்ஞானிகள் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்கிறார்கள். டொர்னேடோ என்றால் மட்டும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிய வேண்டுமானால், டொர்னேடோவை அளக்கக் கற்றுக்கொடுத்த டெட்சுயா ஃபுஜிட்டாவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த ஃபுஜிட்டா?

1920-ல் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று, அவர் வேலை பார்த்த கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த கொக்குரா நகரம்தான் இரண்டாவது அணுகுண்டுக்குக் குறி. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குப் போய்விட்டது. சில வாரங்கள் கழித்து, சேதத்தை ஆராய அதே நாகசாகிக்குப் போனார் ஃபுஜிட்டா. குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் இருந்தவை நட்சத்திரக் கதிர்கள் போல வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அந்தக் காட்சி அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

அடுத்து நடந்தது சினிமா மாதிரி. மலைமேல் இருந்த அமெரிக்க ரேடார் நிலையத்தின் குப்பைக்கூடையில் கிடந்த, இடிமழை பற்றிய ஓர் ஆய்வறிக்கை அவர் கைக்கு வந்தது. எழுதியவர் சிகாகோ பேராசிரியர் ஹோரஸ் பையர்ஸ். தன்னுடைய ஆய்வை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அவருக்கே அனுப்பினார் ஃபுஜிட்டா. 1953-ல் சிகாகோவிலிருந்து அழைப்பு வந்தது.

சேதத்தை வைத்து வேகம்

டொர்னேடோவுக்குள் கருவியை வைத்து அளப்பது அன்றைக்கு நடக்காத காரியம். அதனால் ஃபுஜிட்டா தலைகீழாக யோசித்தார். கூரை பறந்ததா, சுவர் விழுந்ததா, வீடே அடித்தளத்தோடு துடைத்து எடுக்கப்பட்டதா என்று பார்த்து, காற்றின் வேகத்தை ஊகித்தார். 1971-ல் வந்த எஃப்-0 முதல் எஃப்-5 வரையிலான அளவுகோல் இதுதான்.

1974 ஏப்ரலில், ஒரே நாள் இடைவெளியில் 148 டொர்னேடோக்கள் தாக்கின. விமானத்தில் பறந்து சேதத்தைப் பார்த்தவர், ஓரிடத்தில் மரங்கள் சுழன்று விழாமல் நாகசாகி போலவே நட்சத்திர வடிவில் சாய்ந்திருப்பதைக் கவனித்தார். மேகத்திலிருந்து காற்று செங்குத்தாகக் கீழே கொட்டியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் 113 பேரைப் பலிகொண்ட விமான விபத்துக்கும் இதே கீழ்நோக்கிய காற்றுதான் காரணம் என்றார். பலர் நம்பவில்லை. பிறகு டாப்ளர் ரேடார் அவர் பக்கம் நின்றது. விமான நிலையங்களில் எச்சரிக்கை ரேடார்கள் வந்தன.

இதில் ஒரு வேடிக்கை: 'மிஸ்டர் டொர்னேடோ' என்று பெயர் வாங்கியவர், முதன்முதலாக ஒரு டொர்னேடோவை நேரில் பார்த்ததே 1982-ல்தான்!

அப்போ பருவநிலை மாற்றம்?

சிக்கல் இங்கேதான். எஃப் அளவுகோல் காற்றை அளக்கவில்லை, சேதத்தைத்தான் அளக்கிறது. ஆளில்லாத வயலில் அடித்த பயங்கர டொர்னேடோ, தாளில் பலவீனமாகப் பதிவாகலாம். அமெரிக்கப் பதிவேடு தொடங்குவதோ 1950-ல். ஆரம்ப ஆண்டுகளுக்குப் பழைய பத்திரிகைச் செய்திகளைப் படித்தே தரம் போட்டார்கள். பின்னர் ரேடாரும் செல்போனும் வந்ததும் சின்னச் சின்ன டொர்னேடோக்கள்கூடக் கணக்கில் சேர்ந்தன. எண்ணிக்கை கூடியதா, பார்க்கும் கண்கள் கூடினவா? பலவீனமானவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஆண்டு எண்ணிக்கையில் தெளிவான ஏற்றம் தெரியவில்லை.

ஆனால் வேறு மாற்றங்கள் தெரிகின்றன. டொர்னேடோ வரும் நாட்கள் குறைந்து, வந்தால் ஒரே நாளில் கொத்தாக வருகின்றன. சமவெளி மாநிலங்களிலிருந்து கிழக்கே, மக்கள் நெருக்கமாக வாழும் டென்னசி, மிசிசிப்பி பக்கம் நகர்கின்றன. காற்று சூடாகி ஈரம் கூடினால் இடிமேகத்துக்குத் தீனி அதிகம். ஆனால் சுழற்சிக்குத் தேவை, உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவது. வெப்பம் கூடினால் அது சராசரியாகக் குறையலாம். எது ஜெயிக்கும் என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஃபுஜிட்டா 1998-ல் காலமானார். அவரது அளவுகோல் 2007-ல் திருத்தப்பட்டது. ஆனாலும் அடிப்படை அதேதான். 2021 டிசம்பரில் கென்டக்கியின் மேஃபீல்டு நகரம் சிதைந்தபோதும், ஆய்வுக்குழு இடிபாடுகளுக்குள் நடந்து, வீடுகள் எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருந்தன என்று பார்த்துத்தான் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 305 கிலோமீட்டர் என்று குறித்தது.