யாழின் கணக்கைத் தேடிய விஞ்ஞான ஆசிரியர்

சுவாமி விபுலாநந்த அடிகளாரை எங்களிற் பலர் முதலில் அறிந்தது தமிழ்ப் பாடப் புத்தகத்தின் வழியாகத்தான். அவர் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர் என்பது மேல்வகுப்புக்கு வந்த பிறகே தெரிந்தது. துறவியையும் புலவரையும் பற்றி நிறையவே எழுதியாயிற்று. எங்கள் சங்கம் நூறாண்டைக் காணும் இம்மலரில், மட்டக்களப்பு வாவிக்கரை தந்த அப்பெருமகனின் மற்றப் பக்கத்தை எழுத விரும்புகிறோம்.

காரைதீவில் 1892இல் பிறந்தார். பெற்றோர் சாமித்தம்பியாரும் கண்ணம்மையாரும். இட்ட பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்று, 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் சோதனையில் சித்தியடைந்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி முடித்து, 1915இல் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அடுத்த ஆண்டே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடி. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார், இலண்டன் பி.எஸ்சி. பட்டம் பெற்றார், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். நல்ல உத்தியோகத்தை விட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். ஊர் திரும்பி மிஷன் பாடசாலைகளைக் கவனித்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார்.

விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் மட்டுமே படிக்கலாம் என்றிருந்த காலம் அது. கலைச்சொற்களை ஆக்குவதற்காக 1936இல் சென்னையில் அறிஞர் கூடியபோது, தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் அடிகளார். பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழிலேயே படித்துச் சோதனை எழுதிய எங்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும்.

ஆயினும் அவருடைய பெரிய ஆராய்ச்சி யாழ் பற்றியது. அக்காலத்தில் யாழ் ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரைகளுமே கையிலிருந்தன. 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், செய்யுளுக்குப் பொருள் சொல்வதோடு நிற்கவில்லை. நரம்பின் நீளங்களைக் கணக்கிட்டார். ஒரே இழுவிசையில் நிற்கும் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்காகும். மூன்றில் இரண்டாக்கினால் ஒன்றரை மடங்காகும், குரல் இளியாகும். உயர்தர வகுப்பில் சுரமானிக் கம்பியை வைத்து நாங்கள் செய்த பரிசோதனைதான் இது (கம்பியை அறுத்துவிட்டு ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் ஏச்சு வாங்கியவர்களும் எங்களில் உண்டு!). குரல் முதல் தாரம் வரை ஏழு நரம்புகளுக்கும் பழையோர் சொன்ன 4, 4, 3, 2, 4, 3, 2 என்ற அலகுகளைக் கூட்டினால் 22 வரும். இந்த எண்களைப் பின்னங்களாக்கி, பண்களை வகுத்து, வில்யாழ் முதல் சகோடயாழ் வரை ஒவ்வொன்றின் அமைப்பையும் ஆராய்ந்தார். அவர் முடிவுகள் சிலவற்றை இசையறிஞர் பின்னர் மறுத்திருக்கிறார்கள். கணக்கு வெளிப்படையாக இருப்பதால் மறுக்கவும் முடிகிறது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

பூரணை இரவில் எங்கள் வாவியின் மீன்பாட்டைக் கேட்டு, நீரரமகளிரின் இசை என்று பாடியவரும் இவரே. அதைப் பாடியவரும் அதிர்வெண்களைக் கணக்கிட்டவரும் ஒருவர்தான் என்பதில் எங்களுக்கு இன்றும் பெருமை.

இமயத்தின் மாயாவதி ஆச்சிரமத்தில் பிரபுத்த பாரத சஞ்சிகையின் ஆசிரியராக இருந்துவிட்டு, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிந்துகொண்டே வந்தது, நூலோ முடியவில்லை. ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனான யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 யூனில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. நலிந்த உடலோடு போய் அதில் கலந்துகொண்டார்.

ஆறு வாரங்களின் பின், யூலை 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். கல்லடி உப்போடையில், அவர் தொடக்கிய வித்தியாலய வளவிலேயே சமாதி இருக்கிறது.