ஆனந்த குமாரசுவாமியும் பெயர் பொறிக்காத சட்டிகளும்

கலாயோகி என்று போற்றப்படும் ஆனந்த குமாரசுவாமி 1877 ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி. தாய் எலிசபெத், ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்த அவர் இங்கிலாந்தில் வளர்ந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கலையை அல்ல, புவிச்சரிதவியலையும் தாவரவியலையும்தான்.

1903இல் இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்குப் பணிப்பாளரானார். தோரியனைற் என்னும் கனிமத்தைக் கண்டெடுத்தவர் அவரே. கற்களைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவரின் கண்ணில் நலிந்துகொண்டிருந்த கைத்தொழில்கள் பட்டன. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு கல்லைக் கண்டால் அது எங்கே கிடைத்தது, எதனால் ஆனது என்று கேட்பது புவிச்சரிதவியலாளரின் வழக்கம். பாய், பித்தளை, மண்பாண்டம் எல்லாவற்றிடமும் அவர் அதையே கேட்டார். கைவினைஞர்களிடம் கருவிகளின் பெயரையும் கோலங்களின் பெயரையும் விசாரித்து எழுதினார். மனைவி எதெல் படம் பிடித்தார். (அந்தப் படங்கள் இல்லாவிட்டால் நூல் பாதியாகத்தான் இருந்திருக்கும். எதெலின் பெயரை நாம் ஏன் சொல்வதில்லை?) மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அந்தப் பெருநூலை இங்கிலாந்தில் கையச்சு இயந்திரத்தில் அச்சிட்டு 1908இல் முடித்தார். 425 பிரதிகள் மட்டுமே.

அக்காலத்தில் அமெரிக்காவிலும் கலை மட்பாண்டங்களுக்குப் பெருமதிப்பு இருந்தது. சின்சினாட்டி நகரில் 1880இல் தொடங்கிய ரூக்வுட் தொழிற்சாலை, தன் சாடிகளின் அடியில் முத்திரை பதித்தது. அதில் 1887 முதல் ஆண்டுக்கு ஒரு சுடர் கூட்டி, 1900இல் 14 சுடர்கள் வரை வரைந்தார்கள். சேகரிப்பவர் சாடியைக் கவிழ்த்துச் சுடர்களை எண்ணினால் வயது தெரிந்துவிடும். எங்கள் மாவட்டத்துத் தங்கொட்டுவப் பீங்கானின் அடியிலும் பெயர் உண்டு. ஆனால் முன்னேஸ்வரம் திருவிழாக் காலத்தில் தெருவோரம் குவித்து விற்கும் சட்டியை உம்மா விரலால் தட்டி, ஓசையைக் கேட்டுத்தான் வாங்குவார். அதன் அடியில் எந்தப் பெயரும் இல்லை.

குமாரசுவாமி ஆராய்ந்தவையும் பெரும்பாலும் இப்படிப் பெயரற்றவையே. பொருள், செய்முறை, கோலம், பயன் ஆகியவற்றைக் கொண்டே அவற்றை இனங்கண்டார். முகலாய ஓவியங்களோடு கலந்து கிடந்த ராஜபுத்திர ஓவியங்களைத் தனி மரபாகப் பிரித்துக் காட்டி 1916இல் நூல் எழுதியதும் அந்தப் பயிற்சியால்தான் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் திரட்டிய கலைப்பொருள்களைக் காசியில் ஒரு தேசிய நூதனசாலைக்குத் தர விரும்பினார். அதற்கான பணம் சேரவில்லை. டென்மன் ரொஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அவற்றை வாங்கி பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்கு வழங்க, 1917இல் குமாரசுவாமியும் அங்கேயே இந்தியக் கலைப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். அவை அங்கே பத்திரமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அவற்றைப் பார்க்க நாம் விசா எடுக்க வேண்டியிருக்கிறது.

எழுபது வயதானதும் இந்தியா திரும்ப எண்ணியிருந்தார். எழுபது நிறைந்து மூன்று வாரம் ஆகுமுன், 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, பொஸ்டனுக்கு அருகே நீதம் என்ற ஊரில் காலமானார். அவர் தேடிச் சேர்த்தவற்றில் பெரும்பகுதி இன்றும் பொஸ்டனில்தான் இருக்கிறது.